ஜப்பானில் பதினொரு நாள்: ஜேஆர் பாஸ் எடுப்பதா, தனித்தனிச் சீட்டுகளா?

பொருநைக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடை விடுமுறையில் நானும் கணவரும், ஒன்பது வயது மகளும், அறுபத்தேழு வயதான என் அம்மாவும் ஜப்பானுக்குப் போவதாக இருக்கிறோம். ஏப்ரல் 27 அன்று நரிதாவில் இறங்குகிறோம். டோக்கியோவில் அசகுசா பகுதியில் நான்கு இரவு, கியோட்டோவில் நான்கு இரவு, ஹிரோஷிமாவில் ஓர் இரவு தங்கிவிட்டு, டோக்கியோவுக்கே திரும்பி ஓர் இரவு கழித்து, மறுநாள் நரிதாவிலிருந்து விமானம் ஏறுவதாகத் திட்டம். கியோட்டோவில் இருக்கும்போது ஒரு நாள் நாராவுக்கும், ஹிரோஷிமாவிலிருந்து மியாஜிமா தீவுக்கும் போய்வர வேண்டும்.

எங்கள் பயண முகவர், மொத்தம் பதினொரு நாள் என்பதால் 14 நாள் ஜேஆர் பாஸ் (ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர வருகையாளர்களுக்குத் தரும் சீட்டு) எடுத்துவிட்டால் எந்த ரயிலிலும் கவலையின்றி ஏறலாம் என்கிறார். பெரியவர்களுக்குத் தலைக்கு 80,000 யென், மகளுக்கு அதில் பாதி என்று கணக்குப் போட்டால் 2,80,000 யென் ஆகிறது. நம் பணத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. விமானச் சீட்டுக்கே இவ்வளவு தயங்காதவள், இந்தத் தொகையைப் பார்த்ததும் தயங்குகிறேன். இணையத்தில் ஒருவர் பாஸ் இல்லாமல் ஜப்பானுக்குப் போகாதே என்கிறார். இன்னொருவர் அது வெறும் பண விரயம் என்கிறார். இருவரும் தங்கள் கணக்கைக் காட்டவில்லை.

என் கேள்விகள் மூன்று. எங்கள் பயணத்துக்கு அந்தப் பாஸ் தேவையா? அதை வாங்கினால் நகரத்துக்குள் ஓடும் சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் அது செல்லுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு; அவரை ஒவ்வொரு நிலையத்திலும் சீட்டு இயந்திரத்தின் முன் நிறுத்தி வைக்காமல் இருக்க என்ன வழி? விமானச் சீட்டு இன்னும் போடவில்லை, விலை கேட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நான்காம் நடைமேடை எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. 2025ஆம் ஆண்டு என் பெற்றோருடன் ஏறத்தாழ இதே பாதையில் போய்வந்தேன் என்பதால் கணக்கோடு பதில் சொல்ல முயல்கிறேன். நான் தரும் கட்டணங்கள் அப்போதையவை. நீங்கள் புறப்படும்போது சில நூறு யென் கூடியிருக்கலாம், எனவே வாங்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், 14 நாள் பாஸ் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். பாஸின் நாள்கள் தொடர்ச்சியாக ஓடுபவை. முதல் நான்கு நாளும் நீங்கள் டோக்கியோவுக்குள்ளேயே சுற்றப்போகிறீர்கள். அங்கே ஒரு நாளைக்கு ஆயிரம் யென் செலவழிப்பதே அரிது. கியோட்டோவுக்குப் புறப்படும் நாளில் தொடங்கினால், ஊர் திரும்பும் நாள் வரை ஏழு நாள் பாஸே போதும். அதன் விலை 50,000 யென். 2023 அக்டோபருக்கு முன் அதே பாஸ் 29,650 யென்னுக்குக் கிடைத்தது. ‘பாஸ் இல்லாமல் போகாதே’ என்று எழுதியிருப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய விலையில் போய்வந்தவர்கள். அன்று அவர்கள் சொன்னது சரிதான். ஒரே நாளில் எழுபது விழுக்காடு அளவுக்கு ஏறிய பிறகு அந்தப் பேச்சு செல்லாது.

இனி உங்கள் பாதையைப் பார்ப்போம். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி புல்லட் ரயிலில் முன்பதிவு இருக்கை சுமார் 14,200 யென். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு 11,500 யென்னை ஒட்டி வரும். ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோவுக்கு 19,800 யென். இவை மூன்றும் சேர்ந்து 45,500. கடைசி நாளில் நரிதாவுக்கு நரிதா எக்ஸ்பிரஸில் 3,070. நாரா, கியோட்டோவிலுள்ள ஃபுஷிமி இனாரி, அரஷியாமா, பிறகு மியாஜிமா ஆகிய இடங்களுக்கு ஜேஆர் ரயிலிலும் படகிலும் போய்வரும் சில்லறைச் செலவு மூவாயிரத்துக்குச் சற்று மேல். ஆகக் கூட்டினால் 51,000, 52,000 என்று நிற்கிறது.

அதாவது ஏழு நாள் பாஸ் என்று முகவர் சொல்லியிருந்தால் அவர் சொன்னதில் தவறு காண முடியாது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மிக விரைவான நொசோமி, மிசுஹோ ரயில்களில் இந்தப் பாஸை மட்டும் காட்டி ஏற முடியாது. டோக்கியோ–கியோட்டோ தூரத்துக்குத் தலைக்கு 4,960 யென்னும், டோக்கியோ–ஹிரோஷிமா தூரத்துக்கு 6,500 யென்னும் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்ட மனமில்லை என்றால் ஹிகாரி ரயில்தான். கியோட்டோ வரை அதனால் இழப்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு, பெரிதாகத் தெரியாது. ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோ திரும்பும்போதுதான் வழியில் இறங்கி ரயில் மாற நேரிடும். முழங்கால் வலி உள்ளவருக்குப் பெட்டி படுக்கையோடு அது தேவையற்ற சிரமம்.

எனவே நான் கேட்க விரும்புவது வேறு. நீங்கள் ஏன் டோக்கியோவுக்குத் திரும்புகிறீர்கள்? விமானம் ஏறுவதற்காக மட்டும்தானே? விமானச் சீட்டு இன்னும் போடவில்லை என்கிறீர்கள். போகும்போது நரிதாவில் இறங்கி, திரும்பும்போது ஒசாகாவுக்கு அருகிலுள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஏறும்படி கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு இரண்டு நிலையங்களிலிருந்தும் நேர்விமானம் உண்டு. பல நேரங்களில் ஒரே ஊர் போய்வரும் கட்டணத்தோடு பெரிய வேறுபாடு இருப்பதில்லை.

அப்படிச் செய்தால் டோக்கியோ–கியோட்டோவுக்கு ஒரு வழிச் சீட்டு மட்டும் தனியாக வாங்கினால் போதும். அதன் பிறகு மேற்கு ஜப்பான் ரயில்வே விற்கும் கன்சாய்–ஹிரோஷிமா வட்டாரப் பாஸ், ஐந்து நாளுக்கு 17,000 யென். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்குப் போய்வரும் புல்லட் ரயில் கட்டணமே 20,000 யென்னைத் தாண்டும் என்பதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். அந்தத் தடத்தில் நொசோமியிலும் கூடுதல் கட்டணமின்றி ஏறலாம். மியாஜிமாவுக்கான ஜேஆர் படகும், நாராவுக்கான ரயிலும், கடைசி நாளில் கன்சாய் விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் ஹருகா விரைவு ரயிலும் இதில் அடங்கும். நாராவுக்குப் போகும் நாளில் தொடங்கினால், ஐந்தாம் நாள் விமான நிலையத்தில் முடியும்படி அமைத்துக்கொள்ளலாம்.

தலைக்கு 14,200 கூட்டல் 17,000, ஆக 31,200 யென். குழந்தைக்கு எல்லாமே பாதி என்பதால் உங்கள் குடும்பத்தை மூன்றரை ஆள் என்று கொண்டால் 1,09,200 யென். முகவர் சொன்ன 2,80,000 எங்கே, இது எங்கே! ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோ வரை நான்கு மணி நேரம் உட்கார்ந்து வரும் வேலையும் மிச்சம். அந்த இரவை ஒசாகாவில் கழிக்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கியோட்டோவிலிருந்து ஷின்-ஒசாகா வரையிலான புல்லட் ரயில் தடம் வேறொரு நிறுவனத்துக்கு உரியது என்பதால் இந்த வட்டாரப் பாஸ் அந்தச் சிறு துண்டில் மட்டும் செல்லாது. கியோட்டோவில் சாதாரணத் தடத்தில் ஓடும் ஷின்கைசொகு என்ற விரைவு வண்டியில் ஏறினால் அரை மணிக்குள் ஷின்-ஒசாகா. அங்கிருந்து புல்லட் ரயில். ரயில் மாறுவது ஒரே நிலையத்துக்குள்தான், மின்தூக்கி உண்டு.

நிஷிகசாய்வாசி எழுதுகிறார்:

டோக்கியோவில் எட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாய் பகுதிதான் என் வீடு. குறுகிய கால வருகையாளர்களுக்கு உரிய ஜேஆர் பாஸ் எனக்குக் கிடைக்காது. ஆனால் ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்காக இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். மேலே நண்பர் சொன்ன பாதைதான் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை இருவருமே கவனிக்கவில்லை.

ஏப்ரல் 27 அன்று இறங்குகிறேன் என்கிறீர்கள். ஏப்ரல் 29 ஒரு பொது விடுமுறை; மே 3, 4, 5 மூன்றும் அடுத்தடுத்துப் பொது விடுமுறைகள். கோல்டன் வீக் என்று அழைக்கப்படும் இந்த வாரத்தில் நாடே சொந்த ஊருக்கும் சுற்றுலாவுக்கும் கிளம்பும். நம் ஊரில் பொங்கலுக்கு முந்தைய நாள் எழும்பூரை நினைத்துக்கொள்ளுங்கள், தள்ளுமுள்ளு மட்டும் இருக்காது. அந்த நாள்களில் நொசோமி ரயில்களில் முன்பதிவில்லாப் பெட்டிகளே கிடையாது, எல்லாம் முன்பதிவுதான். இருக்கைக் கட்டணமும் சற்றுக் கூடும். கையில் பாஸ் இருந்தாலும் இருக்கை காலியாக இருந்தால்தானே உட்கார முடியும்? தங்கும் விடுதிகளின் விலையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். பள்ளி விடுமுறை மே மாதம் முழுதும் இருக்கிறதல்லவா? மே 8க்குப் பிறகு இறங்கும்படி தள்ளிவைத்தால், இங்கே எந்தப் பாஸிலும் கிடைக்காத அளவுக்கு மிச்சமாகும்.

அடுத்து, வருகிறவர்கள் எல்லோரும் குழம்பும் இடத்தைச் சொல்கிறேன். ஜப்பானில் புல்லட் ரயிலுக்கான விலை இரண்டு பகுதிகளால் ஆனது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று. விரைவு வண்டியில் ஏறுவதற்கான மேல்கட்டணம் மற்றொன்று. முன்பதிவு செய்தால் இருக்கைக்கான தொகை இரண்டாவதோடு சேரும். இயந்திரத்தில் வாங்கினால் சில நேரம் இரண்டும் ஒரே தாளில் வரும், சில நேரம் இரண்டு தாள்களாக வரும். இரண்டாக வந்தால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயிலின் துளைக்குள் ஒரே நேரத்தில் விட வேண்டும். மறுபுறம் வெளிவரும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளவும் வேண்டும், இறங்கும் இடத்தில் மீண்டும் தேவைப்படும். என் மாமனார் முதல் முறை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, வாயில் அடைத்துக்கொண்டதும் ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல வெலவெலத்துப் போனார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஜேஆர் என்பது 1987இல் அரசு ரயில்வேயைப் பிரித்துத் தனியாருக்கு மாற்றியபோது உருவான நிறுவனங்களின் கூட்டுப் பெயர். பயணிகள் ரயில் மட்டும் ஆறு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. டோக்கியோவின் சுரங்க ரயில்கள் அவர்களுடையவை அல்ல. கியோட்டோவின் மாநகரப் பேருந்துகளும் அல்ல. ஒசாகா, கியோட்டோ, நாரா பகுதிகளில் ஓடும் கின்தெத்சு, ஹன்க்யூ, கேய்ஹான் போன்ற தனியார் தடங்களும் அல்ல. எனவே ஜேஆர் பாஸ் வைத்திருப்பவரும் ஊருக்குள் தனியாகப் பணம் கட்டியே ஆக வேண்டும். நீங்கள் தங்கும் அசகுசாவில் ஜேஆர் நிலையமே இல்லை என்பதை முகவரிடம் சொல்லிப் பாருங்கள்.

நகரத்துக்குள் இரண்டு வழிகள். ஒன்று, சுயிகா போன்ற முன்பணம் நிரப்பும் அட்டை. வாயிலில் தொட்டால் திறக்கும், இறங்குமிடத்தில் தொட்டால் கட்டணம் கழியும். 2013 முதல் நாட்டின் பத்து முக்கிய அட்டைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று செல்லும்படி இணைக்கப்பட்டுள்ளன. டோக்கியோவில் வாங்கியதைக் கியோட்டோ பேருந்திலும் ஹிரோஷிமா டிராமிலும் பயன்படுத்தலாம். உங்கள் அம்மாவை இயந்திரத்தின் முன் நிற்கவைக்காமல் இருக்க இதுதான் வழி. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒன்றை இருவர் பகிர முடியாது.

ஆனால் ஒரு வட்டாரத்தில் தொட்டு உள்ளே போய், மற்றொரு வட்டாரத்தில் தொட்டு வெளியே வர முடியாது. நான் இங்கு வந்த புதிதில் சாதாரண ரயிலில் அதாமி வரை போக எண்ணி, தூங்கிப்போய் அடுத்த வட்டாரத்துக்குள் இருக்கும் மிஷிமாவில் கண்விழித்தேன். வாயில் திறக்கவில்லை. நிலைய ஊழியர் முழுத் தொகையையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, அட்டையின் பூட்டைப் பிறகு எடுத்துவிடுவதற்காக ஒரு சான்றுத் தாளைக் கொடுத்தார். தவறு என்னுடையதுதான், அவர் என்னைவிட அதிகமாக மன்னிப்புக் கேட்டார்.

இரண்டாவது வழி, வருகையாளர்களுக்கான டோக்கியோ சுரங்க ரயில் சீட்டு. 24, 48, 72 மணி நேரம் என மூன்று வகை. 2025இல் 72 மணி நேரச் சீட்டு 1,500 யென்னுக்குக் கிடைத்தது. டோக்கியோ மெட்ரோவின் ஒன்பது தடங்களும் தோயெய் சுரங்க ரயிலின் நான்கு தடங்களும் இதில் அடங்கும்; யமனோதே வட்டத் தடம் ஜேஆருக்கு உரியது என்பதால் அடங்காது. நாள் கணக்கு அல்ல, முதல் முறை வாயிலில் விட்டதிலிருந்து மணிக் கணக்கு என்பதுதான் இதன் அழகு. மாலை நான்கு மணிக்குத் தொடங்கினாலும் ஒரு நிமிடம் வீணாகாது. ஒரு பயணத்துக்குக் குறைந்தது 180 யென் என்பதால் அந்த விலையில் நாளுக்கு மூன்று முறை ஏறி இறங்கினாலே போட்ட பணம் வந்துவிட்டது. அசகுசாவில் தங்குபவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

நரிதாவிலிருந்து அசகுசாவுக்கு நரிதா எக்ஸ்பிரஸும் வேண்டாம். கெய்செய் நிறுவனத்தின் அக்செஸ் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பல நேரடியாக அசகுசாவுக்கே வரும். அதற்குத் தனி விரைவுக் கட்டணம் இல்லை, சுயிகாவைத் தொட்டு ஏறினால் போதும்.

கிழக்குச் சாளரம் எழுதுகிறார்:

மேலே இருவரும் சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனாலும் ஜேஆர் பாஸ் என்றால் ஏமாளிகளுக்கு என்பதுபோல ஒரு தொனி வருகிறது. அதை ஏற்க எனக்கு மனமில்லை. 2019இல் பழைய விலையிலும் 2024இல் புதிய விலையிலும் இரண்டு முறை அதை வாங்கியவன் நான். இரண்டாம் முறை, ஏழு நாளுக்குள் டோக்கியோவிலிருந்து வடக்கே ஹகோதாத்தேவுக்குப் போய்வந்து, பிறகு தெற்கே ககோஷிமா வரை இறங்கினேன். அந்த இரண்டு தொலைவையும் தனிச் சீட்டில் போயிருந்தால் 70,000 யென்னைத் தாண்டியிருக்கும். மழை என்றால் வேறு ஊர், கூட்டம் என்றால் அடுத்த வண்டி என்று மனம்போல் மாற்றிக்கொண்டேன். அந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு. மூன்று ஊர்களில் நிலையாகத் தங்கும் குடும்பத்துக்கு அது தேவையில்லை என்பது உண்மை; ரயிலில் சுற்றுவதே நோக்கமாகப் போகிறவருக்கு அந்தப் பாஸுக்கு நிகரில்லை.

தனிச் சீட்டு வாங்கினால் வண்டியைத் தவறவிடும் அச்சம் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். வழக்கமான முன்பதிவுச் சீட்டைப் புறப்படும் நேரத்துக்கு முன் ஒரு முறை கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம். தவறவிட்டாலும் அதே நாளில் பின்னால் வரும் வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ள விடுவார்கள். ஸ்மார்ட்-இஎக்ஸ் செயலியில் பல நாள்களுக்கு முன்பே எடுக்கும் தள்ளுபடிச் சீட்டுகளுக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. சில ஆயிரம் யென் மிச்சத்துக்காக அம்மாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்குமா என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நானாக இருந்தால் தள்ளுபடி இல்லாத சீட்டையே எடுப்பேன்.

வட்டாரப் பாஸ் எடுத்தாலும் நாடு முழுவதற்குமான பாஸ் எடுத்தாலும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி எழுதியே பழகிவிட்டோம். 2024இல் எனக்குப் பாஸ் எடுத்துத் தந்த முகவர், கடவுச்சீட்டில் விரிவாக இருந்த என் தந்தை பெயரை ஒற்றை எழுத்தாகப் போட்டு ரசீது தந்துவிட்டார். டோக்கியோவில் அதைப் பாஸாக மாற்றும் முகப்பில் இரண்டும் பொருந்தவில்லை என்று நிறுத்தினார்கள். முகவரைத் தொலைபேசியில் பிடித்து, திருத்தம் வாங்கி, ஒரு பகல் போயிற்று. கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட இருக்கட்டும். கடவுச்சீட்டில் குறுகிய கால வருகையாளர் என்ற ஒட்டுத்தாளோ முத்திரையோ இருக்கிறதா என்று விமான நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றும் முகப்பில் அதைக் கேட்பார்கள்.

பெட்டிகளைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் வரும் பெட்டிகளுக்கு டோக்கியோ–கியோட்டோ–ஹிரோஷிமா தடத்தில் ரயில் பெட்டியின் கடைசி வரிசை இருக்கைகளை முன்கூட்டியே கேட்டு எடுக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எடுக்காமல் ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள். நாம் ஊரிலிருந்து ஊறுகாய், பொடி வகைகளோடு கொண்டுபோகும் பெரிய பெட்டிகள் பெரும்பாலும் இந்த அளவைத் தொட்டுவிடும். நான் செய்தது, டோக்கியோ விடுதியின் வரவேற்பிலேயே பெட்டிகளைக் கொடுத்துக் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவைத்ததுதான். மறுநாள் வந்து சேர்ந்துவிடும். ஒரு நாளுக்கான துணி கைப்பையில் இருந்தால் போதும்.

பொருநைக்கரை மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு கணவரும் நானும் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தோம். பயணத்தை மே 11க்குத் தள்ளிவிட்டோம். முகவரிடம் பேசியதில் நரிதாவில் இறங்கிக் கன்சாயில் ஏறும் சீட்டு, முந்தையதைவிடத் தலைக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் கூடுதல் என்கிறார். 14 நாள் பாஸை ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, எல்லோருக்கும் அதைத்தான் தருகிறோம் என்று பதில் வந்தது.

இன்னும் மூன்று ஐயங்கள். மகளுக்கும் சுயிகா அட்டை தனியாக உண்டா? என்னிடம் ஐஃபோன் இருக்கிறது, கணவரிடம் ஆண்ட்ராய்டு. கைப்பேசியிலேயே அட்டையை வைத்துக்கொள்ளலாம் என்று படித்தேன், அது நமக்குச் சரிவருமா? கியோட்டோவில் ஒரு நாள் பேருந்துப் பாஸ் எடுத்தால் அம்மாவுக்கு வசதியாக இருக்குமா?

நிஷிகசாய்வாசி பதிலளிக்கிறார்:

ஆறு முதல் பதினொரு வயது வரை உள்ளவர்களுக்குக் குழந்தைகளுக்கான அட்டை உண்டு, கட்டணம் பாதியாகக் கழியும். வயதை உறுதிசெய்யக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும் என்பதால் அதை முகப்பில்தான் வாங்க வேண்டும். வாயிலைக் கடக்கும்போது குஞ்சுப் பறவை கத்துவதுபோல ஒலி எழுப்பும். உங்கள் மகள் அதற்காகவே திரும்பத் திரும்ப நுழைய விரும்பலாம்.

கைப்பேசி விஷயத்தில், ஐஃபோனில் அட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பணம் நிரப்ப நம் ஊர் வங்கி அட்டைகளை நம்பியிருக்க வேண்டாம். நிலையத்திலோ கடைகளிலோ ரொக்கம் கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இதற்கான ஜப்பானியச் சில்லு அநேகமாக இருக்காது. அதனால் உங்கள் கணவருக்கும் அம்மாவுக்கும் பிளாஸ்டிக் அட்டைதான். சாதாரண சுயிகாவுக்கு 500 யென் வைப்புத்தொகை உண்டு, அதைக் கிழக்கு வட்டாரத்தில்தான் திருப்பித் தருவார்கள். நீங்கள் கன்சாயிலிருந்து கிளம்புவதால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. எனவே வருகையாளர்களுக்கென்று விமான நிலையத்தில் விற்கும் வெல்கம் சுயிகாவை எடுங்கள். வைப்புத்தொகை இல்லை, 28 நாள் செல்லும். மிச்சப் பணத்தை மட்டும் திருப்பித் தரமாட்டார்கள், கடைசி நாளில் கடையில் எதையாவது வாங்கித் தீர்த்துவிடுங்கள்.

கியோட்டோவில் பேருந்துக்கு மட்டுமான பழைய ஒரு நாள் பாஸ், கூட்ட நெரிசலைக் குறைப்பதற்காக 2023இல் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த ஒரு நாள் சீட்டு 1,100 யென்னுக்கு இருக்கிறது. ஒரு நாளில் ஐந்து முறை ஏறினால்தான் அது இலாபம், முழங்கால் வலியோடு யாரும் ஐந்து கோயில் பார்க்கப் போவதில்லை. நகருக்குள் பேருந்து எங்கே ஏறினாலும் 230 யென், குழந்தைக்கு 120. ஆக உங்கள் நால்வருக்கும் ஒரு முறைக்கு 810 யென். அதோடு கொஞ்சம் சேர்த்தால் குறுகிய தூரத்துக்கு டாக்சியே கிடைத்துவிடும். கியோமிசு கோயிலுக்கு ஏறும் சரிவுக்கு அம்மாவை டாக்சியில் அழைத்துச் செல்லுங்கள். ஃபுஷிமி இனாரிக்குக் கியோட்டோ நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம், 150 யென், கோயில் வாசலிலேயே இறங்கலாம்.

நான்காம் நடைமேடை எழுதுகிறார்:

டோக்கியோ–கியோட்டோ சீட்டை எடுக்கும்போது ‘டி’, ‘இ’ என்று குறியிட்ட இருவர் அமரும் பக்கத்தைக் கேளுங்கள். கியோட்டோவை நோக்கிப் போகும்போது ஃபுஜி மலை வலப்புறம், கிளம்பி முக்கால் மணி நேரத்தில் தெரியும். நால்வருக்கும் என்றால் முன்பின் இரண்டு வரிசைகளில் ‘டி’, ‘இ’ எடுத்து, முன்வரிசையைக் காலால் மிதித்துத் திருப்பினால் எதிரெதிரே அமரலாம். சன்னலோரத்தில் அம்மாவையும் பேத்தியையும் உட்காரவைத்துவிடுங்கள். மே மாதத்தில் மேகம் மறைத்துக்கொள்வதும் உண்டு. எங்களுக்கு அடிவாரம் மட்டும்தான் தெரிந்தது, அப்பா அதையே பத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.